தோடர் பூத்தையலும் ஆடம்பரச் சந்தையும்: நீலகிரியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

நீலகிரியின் பழங்குடியினரான தோடர்களின் பூத்தையலுக்கு, அதாவது கை எம்பிராய்டரிக்கு, 2013 மார்ச் மாதத்தில் புவிசார் குறியீடு கிடைத்தது. தோடர் நலவாழ்வுச் சங்கம், கோத்தகிரியில் இயங்கும் கீஸ்டோன் அறக்கட்டளை, தமிழ்நாடு அரசின் கைவினை நிறுவனமான பூம்புகார் ஆகிய மூன்றும் சேர்ந்து அதற்கு விண்ணப்பித்திருந்தன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தோடர்கள் ஏறத்தாழ 2,000 பேர்தான். அவர்களிலும் ஊசி பிடிப்பவர்கள் பெண்கள். அந்தப் பெண்களிலும் எல்லோரும் முழு நேரமும் தைப்பதில்லை. இவ்வளவு குறைவான கைகளில் இருக்கும் ஒரு வேலை, ஆலைத்துணியும் கணினித் தையலும் ஊட்டிக் கடைவீதியை நிரப்பிய பிறகும் எப்படித் தாக்குப்பிடித்தது, நாளை ஒரு பெரிய ஆடம்பர பிராண்டு பெரிய ஆர்டரோடு மலையேறி வந்தால் அது இந்த வேலையை வாழவைக்குமா, குலைத்துவிடுமா என்பவையே இந்த ஆய்வின் கேள்விகள்.

என் கணிப்பை முன்பே சொல்லிவிடுகிறேன். பூத்தையல் இதுவரை பிழைத்ததற்குக் காரணம் சுற்றுலாப் பயணியோ புவிசார் குறியீடோ அல்ல. அதன் முதல் வாடிக்கையாளர் தோடர் சமூகமேயாக இருப்பதுதான் காரணம். வெளியிலிருந்து வரும் ஆர்டருக்கு "முடியாது" என்று சொல்லும் தெம்பு அதனால்தான் தையல்காரப் பெண்களிடம் மிஞ்சியிருக்கிறது. ஆடம்பரச் சந்தையோடு செய்யும் எந்த ஏற்பாடும் அந்தத் தெம்பைக் கரைக்கிறதா, காக்கிறதா என்பதைக் கொண்டே மதிப்பிடப்பட வேண்டும்.

வேலையின் இயல்பு

பூத்துக்குளி என்பது ஆணும் பெண்ணும் உடலைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளும் நீண்ட பருத்திப் போர்வை. வெளுக்காத, சற்று முரட்டுத்தனமான வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் பட்டைகள் தறியிலேயே நெய்யப்பட்டிருக்கும். பட்டைகளுக்கு இடைப்பட்ட வெள்ளையில்தான் தையல் ஏறும். நூலும் பெரும்பாலும் அதே இரு நிறங்கள். துணியைத் தோடர்கள் நெய்வதில்லை. அது சமவெளித் தறிகளிலிருந்து வருகிறது. துணி வெளியிலிருந்து, வேலை உள்ளிருந்து என்ற இந்தப் பிரிவினை பழையது. பின்னால் வரும் சிக்கல்களில் பாதிக்கு இதுவே வேர் என்பதால் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

தைப்பதற்கு முன் துணியில் எதுவும் வரைவதில்லை. சட்டமும் மாட்டுவதில்லை. ஊசி நுனியால் துணியின் நெடுக்கு நூலான பாவையும் குறுக்கு நூலான ஊடையையும் எண்ணி, இத்தனை நூல் விட்டு இத்தனை நூல் எடுத்து என்ற கணக்கிலேயே எருமைக் கொம்பு, முயல் காது போன்ற வடிவங்கள் எழும்புகின்றன. துணியின் பின்பக்கத்திலிருந்து தைத்து, நூலைச் சற்றே தளர்த்தி மேலே தூக்கிவிடுவதால் அந்தப் பக்கம் மேடு மேடாகத் தடிப்பேறுகிறது. நாம் உள்பக்கம் என்று கருதக்கூடிய அந்தச் சொரசொரப்பான பக்கத்தையே தோடர்கள் முகப்பாகக் கொள்கிறார்கள்.

ஊட்டியை ஒட்டிய ஒரு மந்தில், அதாவது தோடர் குடியிருப்பில், வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து ஒரு பெண் தைத்துக்கொண்டிருந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். பேச்சுக் கொடுத்தால் பதில் உடனே வராது. ஒரு வரிசையின் எண்ணிக்கை முடிந்து ஊசி மறுபக்கம் வந்த பிறகே நிமிர்வார். "நடுவுல ஒரு நூல் தப்புனா அந்த வரிசையோட நிக்காது சார், அதுக்கப்புறம் போட்டதெல்லாம் சாய்ஞ்சிடும், பிரிச்சுத்தான் ஆகணும்" என்றார். மேகம் இறங்கி வெளிச்சம் மங்கியதும், மணி மூன்றரை ஆகியிருந்தபோதும், வேலையை மடித்து வைத்துவிட்டார். மின்விளக்கில் வெள்ளைத் துணியில் வெள்ளை நூல்களை எண்ணுவது கண்ணைக் கெடுக்கும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மழைக்காலத்தில் ஊட்டியில் இப்படிப்பட்ட வெளிச்சம் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்பதை ஆர்டர் கொடுப்பவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

பூத்துக்குளி அன்றாட உடுப்பாக மட்டும் இருந்திருந்தால், ஸ்வெட்டரும் மப்ளரும் வந்தபோதே அது மறைந்திருக்கும். அது சடங்கின் உடை. இறந்தவரை வேலைப்பாடு செய்த போர்வையில் சுற்றியே இறுதிச் சடங்குக்கு எடுத்துச் செல்கிறார்கள். மந்தின் விழாக்களிலும் அதைப் போர்த்தியே நிற்கிறார்கள். ஆகவே ஊட்டிக்கு ஒரு சீசன் முழுக்க ஆள் வராவிட்டாலும் பூத்துக்குளிக்குத் தேவை இருந்துகொண்டே இருக்கிறது. வீட்டில் ஒருத்தியாவது அதைத் தைக்கத் தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது.

அதே மலையில் இன்னொரு தொழில்

இதன் எதிர்ப்பக்கத்தைப் பார்க்க வேறு மாவட்டம் போக வேண்டாம். நீலகிரியின் இன்னொரு பழங்குடியினரான கோத்தர்கள் தங்கள் ஏழு ஊர்களில் கொல்லு வேலை, தச்சு வேலை, மண்பாண்டம் என்று செய்து மலைமக்கள் எல்லோருக்கும் கொடுத்தவர்கள். சாவு வீட்டு இசையும் அவர்களுடையதே. பதிலுக்குப் படகர்களிடமிருந்து தானியமும் தோடர்களிடமிருந்து நெய்யும் பெற்றார்கள். கடைவீதியில் ஆலை இரும்புக் கருவிகளும் உலோகப் பாத்திரங்களும் மலிவாக வந்தபோது, மானுடவியலர் டேவிட் மேண்டல்பாம் 1930களின் பிற்பகுதியில் அங்கு ஆய்வு செய்த காலத்திலேயே, இந்தக் கொடுக்கல் வாங்கல் உடைந்துகொண்டிருந்தது. இன்று கோத்தப் பெண்கள் பானை வனைவது பெரும்பாலும் தங்கள் சொந்தச் சடங்குத் தேவையையொட்டியே எஞ்சியிருக்கிறது.

கைத்திறனில் கோத்தர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். சொல்லப்போனால் தோடர்களை விட அதிக வகைத் தொழில் தெரிந்தவர்கள். ஆனால் அவர்கள் செய்ததில் பெரும்பகுதி பிறருக்காகச் செய்தது. வாங்குகிறவர் வேறு கடைக்குப் போனதும் தொழில் நின்றுவிட்டது. தங்களுக்காகச் செய்துகொண்ட பகுதி மட்டும் நிலைத்தது. தோடர்களோ தொடக்கத்திலிருந்தே தங்களுக்காகத் தைத்தார்கள். விற்பனை அவர்களுக்குப் பிறகு வந்த ஒட்டுவேலை. தரம் உயர்ந்தால் தொழில் பிழைக்கும் என்று கைவினைக் கருத்தரங்குகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவதை நான் நம்பாததற்கு இந்த ஒப்பீடே காரணம்.

கூலிக் கணக்கு

விற்பனை ஒட்டுவேலைதான் என்றாலும் அதில் வரும் பணம் தேவைப்படும் பணம். தோடர்களின் வாழ்வாதாரமாக இருந்த எருமைகள் குறைந்துவிட்டன, பிள்ளைகள் ஊட்டியிலும் கோவையிலும் படிக்கிறார்கள். எனவே ஒரு சால்வைக்கு என்ன விலை நியாயம் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

2025–26ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அரசு நிர்ணயித்த நாள் கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு அதைப் பிரித்தால் மணிக்கு 42 ரூபாய். ஒரு சால்வையின் இரு முனைகளிலும் நெருக்கமாக வேலை செய்ய 100 மணி நேரம் ஆகிறது என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொண்டால், எந்தத் திறனும் கேட்காத மண்வேலையின் கூலியிலேயே 4,200 ரூபாய் வருகிறது. இதில் துணி இல்லை, நூல் இல்லை, கடைக்காரர் பங்கு இல்லை, சரக்கு சேவை வரி இல்லை. கடை இருமடங்கு வைத்து விற்றால் விலை ஒன்பதாயிரத்தைத் தொடும். முழுப் பூத்துக்குளி என்றால் வேலை வாரக்கணக்கிலிருந்து மாதக்கணக்குக்குப் போகும். விலையை நீங்களே பெருக்கிக்கொள்ளலாம்.

ஊட்டி கமர்சியல் ரோட்டில் கோடை சீசனில் சிவப்பும் கறுப்புமாக "தோடர் சால்வை" என்று தொங்குபவற்றின் விலை இதில் சிறு பங்குகூட இராது, ஏனென்றால் அவற்றில் பல, இயந்திரத்தில் தைத்தவை. புரட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்: இயந்திரத் தையலில் மேலே ஒரு நூல், அடியில் பாபின் நூல் வேறு ஒன்று என்று இரண்டு ஓடும், கைவேலையில் ஒரே நூல்தான் இருபுறமும் போய் வருகிறது. வாங்குபவர்களில் எத்தனை பேர் புரட்டிப் பார்க்கிறார்கள் என்று கேட்காதீர்கள்.

இந்தப் போட்டியைச் சமாளிக்கப் பெண்கள் கண்டுபிடித்த வழி, சின்னப் பொருள்கள். பர்ஸ், செல்போன் உறை, மேசை விரிப்பு, பையின் ஒரு மூலையில் ஒற்றைப் பூ. விலை கைக்கு அடங்குவதால் உடனே போகிறது. ஆனால் இதற்கு ஒரு மறைமுகக் கட்டணம் உண்டு. அரை அடிக்குள் முடியும் இரண்டு மூன்று எளிய வடிவங்களே திரும்பத் திரும்பத் தைக்கப்படுகின்றன. அகலமான, எண்ணிக்கை சிக்கலான வடிவங்கள் சடங்குப் போர்வையில் மட்டும் தங்குகின்றன. இளம்பெண் ஒருத்தி பர்ஸ் தைத்தே கற்றுக்கொண்டால், அவள் கையில் பர்ஸுக்கான கணக்கு மட்டுமே இருக்கும். மலிவுச் சந்தை தோடர் தையலைக் கொல்லவில்லை, சுருக்குகிறது. இந்த இடத்தில்தான் ஆடம்பரச் சந்தை உண்மையிலேயே உதவக்கூடும், ஏனென்றால் நூறு மணி நேர வேலைக்கு நூறு மணி நேர விலை தரக்கூடியது அது ஒன்றுதான்.

தரக்கூடியதும் தருவதும்

தரக்கூடியது என்பதும் தருகிறது என்பதும் ஒன்றல்ல. 2024 ஜூனில் மிலான் நீதிமன்றம் பிரெஞ்சு ஆடம்பர பிராண்டான டியோரின் இத்தாலிய உற்பத்திப் பிரிவு ஒன்றை நீதிமன்ற மேற்பார்வையின் கீழ் வைத்தது. கடையில் 2,600 யூரோவுக்கு விற்கும் ஒரு கைப்பைக்கு, மூலப்பொருள் நீங்கலாக, துணை ஒப்பந்தப் பட்டறைக்குக் கொடுத்தது 53 யூரோ என்று அந்த வழக்கில் வெளிவந்தது. மேற்பார்வை அடுத்த ஆண்டே விலக்கிக்கொள்ளப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். இருந்தாலும், விலைச்சீட்டில் உள்ள எண்ணுக்கும் தைத்தவரின் கூலிக்கும் தானாக எந்தத் தொடர்பும் இல்லை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இன்னொரு விதமான உறவு பாரிஸின் ஆடம்பர நிறுவனமான ஷனேலுடையது. 1985இல் பொத்தானும் அணிகலனும் செய்யும் டெரூ பட்டறையில் தொடங்கி, இறகு வேலைக்கான லெமாரியே, எம்பிராய்டரிக்கான லெசாஜ் என்று பாரிஸின் பழைய பட்டறைகளை அந்த நிறுவனம் ஒவ்வொன்றாக வாங்கியது. லெசாஜ் 1924இல் தொடங்கியது. 2002இல் ஷனேலிடம் வந்தது. அதே குடும்பத்தவர் ஒருவர் 1990களில் சென்னையில் ஒரு பூவேலைப் பட்டறையைத் தொடங்கியதால் லெசாஜ் என்ற பெயர் தமிழ்நாட்டுக்கும் முற்றிலும் புதியதல்ல. ஷனேல் செய்தது நல்ல காரியம் என்றே நினைக்கிறேன். அது இல்லாவிட்டால் அந்தப் பட்டறைகளில் சில மூடியிருக்கும். ஆனால் பாரிஸ் பட்டறை பிறந்ததிலிருந்தே பிறருக்காகத் தைத்தது. அதன் நிலை கோத்தர் உலைக்களத்தின் நிலை. வாங்குபவர் குறைந்ததால் வாங்குபவரிடமே அது போய்ச் சேர்ந்தது. தோடர் மந்து ஒன்றை யாரும் வாங்கிவிட முடியாது, வாங்கத் தேவையுமில்லை. எனவே பாரிஸ் முறையை அப்படியே நீலகிரிக்குப் பரிந்துரைப்பவர்கள் நோயை மாற்றிப் பார்த்து மருந்து எழுதுகிறார்கள்.

நமக்கு நெருக்கமான பாடம் கோலாப்பூர் செருப்பு. 2019இல் மகாராஷ்டிரம், கர்நாடகம் இரண்டுக்கும் பொதுவாகப் புவிசார் குறியீடு பெற்ற அந்தச் செருப்பை ஒத்த ஒன்றை இத்தாலிய ஆடம்பர நிறுவனமான பிராடா 2025 ஜூனில் மிலான் ஆடை அணிவகுப்பில், கோலாப்பூர் பெயரே இல்லாமல், காட்டியது. எதிர்ப்பு கிளம்பிய பின், இந்தியக் கைவினையின் தூண்டுதல் அதில் உண்டு என்று ஒப்புக்கொண்டது. மும்பை உயர்நீதிமன்றத்துக்குப் போன பொதுநல வழக்கு ஜூலையில் தள்ளுபடியானது: குறியீட்டின் பதிவுபெற்ற உரிமையாளர் தாமே வர வேண்டும், மூன்றாமவர் வழக்குத் தொடுக்க முடியாது என்பதே சாரம். டிசம்பரில் பிராடா அவ்விரு மாநிலங்களின் தோல் தொழில் கழகங்களோடு ஒப்பந்தம் செய்து, ஏறத்தாழ 800 யூரோ விலையில் 2,000 ஜோடி செய்யப்போவதாக அறிவித்தது.

தோடர் தையலுக்கு இதில் இரண்டு செய்திகள் உண்டு. முதலாவது, உரிமையாளர் பட்டியலில் தோடர் சங்கத்தின் பெயரும் இருப்பது வெறும் மரியாதை அல்ல. நாளை வழக்கு என்று வந்தால் வாசற்படி ஏறும் தகுதியே அதுதான். இரண்டாவது, இந்தியச் சட்டம் இந்தியாவோடு நிற்கிறது. கைவினைப் பொருள்களுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீட்டு விதி 2025 டிசம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. மிலானில் ஒருவர் சிவப்பு கறுப்புக் கோலத்தை அச்சடித்துத் தோடர் பெயரில் விற்றால், அங்கே தனியாகப் பதிவு செய்யாதவரை ஊட்டியில் இருக்கும் சான்றிதழை நீட்டிப் பயனில்லை.

அங்குலமும் நூலும்

சட்டத்தை விட எனக்கு முக்கியமாகப்படுவது அளவு. நகரத்து ஆடையகம் ஒன்று, பெயர் வேண்டாம், தோடர் பெண்கள் குழு ஒன்றுக்குக் கொடுத்த ஆர்டர் எனக்குப் பழக்கமானவர்கள் வழியாகத் தெரியவந்தது. தந்த நிறப் பட்டில், இளஞ்சிவப்பு நூலில், ஒரே அளவில் மேல்துண்டுகள் வேண்டும் என்றார்கள். பட்டு நெசவின் நெருக்கத்தில் நூலைக் கண்ணால் பிரித்து எண்ண முடியாது. எண்ண முடியாத துணியில் இந்தத் தையல் இல்லை. அதைப் புரியவைக்கவே மாதிரித் துணிகள் பலமுறை மலையேறி இறங்கின. கடைசியில் தடித்த பருத்திக் கைத்தறிக்கு ஒப்புக்கொண்டார்கள்.

சரக்கு போய்ச் சேர்ந்ததும் வேறு தகராறு. வடிவத்தின் அகலம் ஒரு துண்டில் ஒன்பது சென்டிமீட்டர், இன்னொன்றில் எட்டரை என்று தரம் பார்ப்பவர் டேப் வைத்து அளந்து, பாதிக்கு மேல் திருப்பியனுப்பினார். தைத்ததில் பிழையே இல்லை. எல்லாத் துண்டிலும் நூல் எண்ணிக்கை ஒன்றுதான். கைத்தறியில் ஊடை அடிக்கும் அழுத்தம் நாளுக்கு நாள் சற்று மாறும். நெசவு நெருங்கினால் அதே எண்ணிக்கை குறைவான இடத்தில் அடங்கும், தளர்ந்தால் விரியும். பெண்கள் நூலால் அளக்கிறார்கள், ஆடையகம் சென்டிமீட்டரால் அளக்கிறது, ஒப்பந்தத்தில் எந்த அளவு செல்லும் என்று ஒரு வரியும் இல்லை. நட்டம் ஊசி பிடித்தவர்கள் தலையில் விழுந்தது.

அவர்கள் அடுத்த ஆர்டரை மறுத்துவிட்டார்கள். நிறுவனப் பக்கத்தில் இதை ஒத்துழைப்பின்மை என்று எடுத்துக்கொண்டதாகக் கேள்வி. நானோ இதையே இந்த நிகழ்வின் மிக ஆரோக்கியமான பகுதியாகக் கருதுகிறேன். அந்த ஆர்டரை நம்பியே அடுப்பெரியும் நிலை இருந்திருந்தால், சென்டிமீட்டருக்காக எண்ணிக்கையைத் திருத்தி, ஒன்றிரண்டு நூலை ஏமாற்றித் தைத்துக் கொடுத்திருப்பார்கள். அப்படிப் பழகிய கை சில ஆண்டுகளில் சடங்குப் போர்வையிலும் அதையே செய்திருக்கும்.

எனவே பிராண்டுகளோடு பேசப் போகும் சங்கமோ நிறுவனமோ விலையைப் பேசும் முன் பேச வேண்டியவை வேறு. வடிவத்தின் அளவு ஒப்பந்தத்தில் நூல் எண்ணிக்கையாகவே எழுதப்பட வேண்டும். சென்டிமீட்டர் வேறுபாடு குறையாக வேண்டுமென்றால், ஒரே தறியில் ஒரே பாவில் நெய்த துணியை வாங்கித் தரும் பொறுப்பும் செலவும் வாங்குபவருடையது. அடிப்படைத் துணியை நெய்யும் சமவெளித் தறிக்கும் முன்பணம் போக வேண்டும், ஏனென்றால் எண்ணக்கூடிய முரட்டுத் துணி சந்தையில் அருகிக்கொண்டே வருகிறது, அது நின்றால் ஊசிக்கு வேலையே இல்லை. கெடு தேதியை மழைக்காலத்துக்குள் வைக்கக் கூடாது. மந்தில் ஒரு சாவு விழுந்தால் வேலை நிற்கும், எல்லோரும் அங்கே போவார்கள், அந்த நாள்களுக்கு அபராதம் கிடையாது என்பதை எழுத்திலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். ஆர்டரில் ஒரு பங்கு அகலமான பழைய வடிவங்களாக இருக்க வேண்டும் என்று கேட்பதும் தவறல்ல. ஆயிரம் யூரோ கேட்கும் கடைக்கு அது கௌரவக் குறைச்சலாகாது. சடங்குப் போர்வைக்கே உரியவை என்று மூத்த பெண்கள் ஒதுக்கும் வடிவங்கள் பட்டியலில் இடம்பெறக் கூடாது, காரணம் கேட்கவும் கூடாது.

செலவுக் கணக்கில் இன்னும் ஒரு வரி சேர வேண்டும்: ஆண்டுக்கு ஒருமுறை கண் பரிசோதனை, தேவைப்படுபவர்களுக்கு மூக்குக் கண்ணாடி. நாற்பதைத் தாண்டிய பெண்களில் எண்ணிக்கை மனத்தில் தெளிவாக இருந்தும், நூல் கண்ணுக்குப் பிடிபடாததால் ஊசியைக் கீழே வைத்தவர்கள் உண்டு. அவர்களிடம்தான் அகலமான வடிவங்களின் கணக்கு இருக்கிறது.